மீட்டருக்குப் பின்னால் போன தாலி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆடு எதுவும் குறுக்கே வரவில்லை. என் மதினி ஊர் முழுக்க ஆடு வந்தது, ஆடு வந்தது என்று சொல்லி வைத்திருக்கிறார். வந்தது வேகத்தடை. கீரனூர் தாண்டி ஆவூருக்குப் போகிற ரோட்டில், வெள்ளைக்கோடுகூடப் போடாமல், ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிவிட்டுப் போன மாதிரி ஒரு மேடு. பக்கத்தில் வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. பிரேக்கை அழுத்தினேன். என் பத்மினி கார் நின்றது. காருக்குள், கண்ணாடிக்குக் கீழே இருக்கிற முகப்பில், மாதா சுரூபத்தின் காலடியில் சுற்றி வைத்திருந்த தாலி மட்டும் நிற்கவில்லை.

அது மெதுவாக வழுக்கிக்கொண்டு கண்ணாடி ஓரத்துக்குப் போனது. அங்கே நீளமாக ஒரு வாய் இருக்கும். கண்ணாடியில் பனி படிந்தால் சூடான காற்றை ஊதுவதற்காம். புதுக்கோட்டையில் எந்தக் காலத்தில் கண்ணாடியில் பனி படிந்தது? இத்தனை வருஷத்தில் அந்த வாய்க்கு ஒரு வேலையும் இருந்ததில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒன்றைத் தின்றது.

முதலில் சிலுவை போட்ட பொன் தாலி உள்ளே விழுந்தது. பின்னாலேயே மஞ்சள் கயிறு சரசரவென்று போனது. நான் கையை நீட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

"மாதாவே!" என்றார் பின்சீட்டிலிருந்த மதினி. அவர் பக்கத்தில் இருந்த என் அண்ணன், "என்னா? என்னாச்சு?" என்றார். எனக்குப் பக்கத்தில் கோட்டும் சூட்டுமாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, அவர்களுடைய ஒரே மகன் அருள், அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் முக்கால் மணி நேரத்தில் ஆவூர்க் கோயிலில் அவன் அந்தத் தாலியைக் கட்ட வேண்டும்.

யார் கையிலும் வேண்டாம்

தாலியை ஏன் டப்பாவில் வைக்கவில்லை என்று கேட்பீர்கள். நன்றாகக் கேளுங்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

அண்ணன் குடும்பம் மணமேல்குடியில். அருள் மட்டும் பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் புதுக்கோட்டையில் என் வீட்டில் இருந்து படித்தான். எனக்குப் பிள்ளை இல்லை. அவன் சாப்பிட்ட தட்டையும் நான்தான் கழுவினேன், அவன் வாங்கிய அடியும் பெரும்பாலும் என் கையால்தான். பி.டி. டீச்சர் வீட்டில் வளர்ந்தால் அப்படித்தான். அந்தப் பாசத்தில் கல்யாணத்தன்று காலையில் கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னான்.

"தாலிய அத்தைதான் கையில எடுத்துட்டு வரணும்."

மதினி தாலி டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் தவறிப்போய்ப் பல வருஷமாகிறது. நாங்கள் வேதத்துக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. தாலியில் சிலுவையைப் பொறித்தோம், மந்திரம் இருந்த இடத்தில் ஜெபத்தை வைத்தோம். புருஷனை இழந்தவளை மட்டும் எங்கே ஒதுக்கி நிறுத்தினார்களோ, அங்கேயே இன்னும் நிறுத்தி வைத்திருக்கிறோம். யாரும் வாயைத் திறந்து 'தள்ளி நில்' என்று சொல்வதில்லை. தாம்பாளம் நம் வரிசைக்கு வரும்போது சத்தமில்லாமல் திரும்பிவிடும், அவ்வளவுதான்.

"சும்மா இரு அருளு," என்றார் மதினி. "எனக்கு ஒண்ணுமில்லப்பா. நாலு பேரு நாலு விதமா பேசுவாக."

"பேசட்டும்மா."

"பேசுனா ஒனக்கு என்ன? நாளைக்கு வர்ற புள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா, அப்ப ஸ்டெல்லாவைத்தான சொல்லுவாக?"

பேருக்கு எனக்காகப் பரிந்து பேசுவது போல. மதினி கெட்டிக்காரர். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"ஸ்டெல்லா கையிலயும் வேணாம், எங் கையிலயும் வேணாம். கார்ல மாதா காலடியில இருக்கட்டும். கார் ஸ்டெல்லாவோடதுதான? அவ கொண்டாந்த மாதிரியும் ஆச்சு."

"டப்பாவோட வைங்க மதினி," என்றேன்.

"டப்பாக்குள்ள வெச்சா மாதா பார்வை எப்படி படும்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கல்யாண வீடு என்பதால் வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடினால் எனக்குக் கால் பேசும். வண்டியைக் கொஞ்சம் விறுவிறு என்றுதான் ஓட்டிவந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், பிறகு யாராவது கடிதம் போடுவீர்கள்.

வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை

அந்தப் பத்மினி, பலர் நினைப்பது போல, என் வீட்டுக்காரர் விட்டுப்போனது இல்லை. அவர் போன பிறகு நானே பொன்னமராவதியில் ஒரு டாக்டர் குடும்பத்திடம் தேடிப்போய் வாங்கியது. "ஒத்தப் பொம்பளைக்கு எதுக்கு காரு?" என்று கேட்டவர்கள் எல்லாம் பிறகு ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் அதில்தான் ஏறினார்கள்.

வாங்கிய புதிதில் மீட்டருக்குள் விளக்கு எரியவில்லை என்று ஒரு பட்டறையில் விட்டேன். மீட்டர் என்று நாங்கள் சொல்வது ஸ்டியரிங்குக்கு அந்தப் பக்கம் வேகம், பெட்ரோல், இன்ஜின் சூடு எல்லாம் காட்டுகிற கண்ணாடி போட்ட பெட்டி. அந்த மகராசன் ஸ்க்ரூ டிரைவரை முன்பக்க இடுக்கில் விட்டு நெம்பியிருக்கிறான். மீட்டர் வந்தது, கூடவே முகப்புத் தகட்டின் பெயிண்டும் பிய்த்துக்கொண்டு வந்தது. அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் என் விரல் தானாக அங்கே போகும், போனதும் எரிச்சல் வரும்.

அதற்குப் பிறகு அந்த வேலையை யாரிடமும் கொடுத்ததில்லை. நானே கற்றுக்கொண்டேன். விஷயம் ரொம்பச் சின்னது. மீட்டரை முன்னாலிருந்து நெம்பவே கூடாது. கீழே படுத்துக்கொண்டு பின்பக்கமாகக் கையை விட்டு, திருகு மரைகளை அவிழ்த்து, உள்ளேயிருந்து வெளியே தள்ள வேண்டும். கல்யாணப் பெண்ணை வீட்டிலிருந்து அனுப்புவது மாதிரி பதறாமல் அனுப்ப வேண்டும். பதறாமல் எதையும் செய்யத் தெரியாத நான் அந்த ஒரு வேலையில் மட்டும் பொறுமைசாலி.

வாயில் வரக் கூடாத வார்த்தை

அருள் கீழே குனிந்து செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தான். நானும் பார்த்தேன். மஞ்சள் கயிறு மீட்டரின் முதுகில் வந்து சேருகிற கேபிளைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. அந்தக் கேபிள்தான் சக்கரம் சுற்றுவதை மீட்டருக்குக் கொண்டுவருவது. தாலி அந்தப் பக்கம் தொங்கி, மீட்டர் பெட்டிக்கும் தகட்டுக்கும் நடுவே மாட்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஒரு குட்டியானை வந்தது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்தார். நல்ல மனுஷன்தான். விஷயத்தைக் கேட்டார், குனிந்து பார்த்தார்.

"இது ஒரு வேலையாக்கா? கம்பிய வளைச்சு உள்ள விட்டு ஒரு இழு இழுத்தா வந்துரும். மிஞ்சிப்போனா கயிறு அறு..."

"அடேய்!" என்று மதினி போட்ட சத்தத்தில் ரோட்டோரக் கருவேலமரத்துக் காக்கை பறந்தது.

டிரைவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. பெருகிரும்னு சொல்ல வந்தேன்."

"அதுவும் வேணாம். அது பெருகவும் வேணாம் ஒண்ணும் வேணாம்!"

தாலியைப் பற்றி அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. 'பெருகிவிட்டது' என்று மங்கலமாகச் சொன்னாலும் நடந்தது நடந்ததுதானே? மதினியின் முகம் வெளுத்துவிட்டது. கட்டுவதற்கு முன்பே கயிறு போனால் அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஆயுசு முழுக்கப் பேசுவார்கள். அந்தப் பேச்சில் யார் பெயர் முதலில் வரும்? என் கார், என் பிரேக், என் நெற்றி. ஜெனிபருக்கு, அதுதான் பொண்ணுக்கு, நாளைக்கு ஒரு தலைவலி வந்தாலும் அது என் கணக்கில்தான் ஏறும். அருள் முகத்தை நான் பிறகு எப்படிப் பார்ப்பது?

"அப்ப முன்னால ஸ்க்ரூ டிரைவர விட்டு நெம்பிருவமா?" என்றார் டிரைவர்.

"நெம்புற கைய ஒடிச்சிருவேன்," என்றேன். அவர் இரண்டடி பின்னால் போனார். பிறகு காரணத்தையும் சொன்னேன். முன்னால் நெம்பினால் மீட்டர் கேபிளை இழுக்கும், கேபிள் கயிற்றை இழுக்கும். வண்டியும் போகும், கயிறும் போகும். பின்னாலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டால் கயிறு தானாக உருவிக்கொண்டு வந்துவிடும். வேறு வழியே கிடையாது.

சொல்லிக்கொண்டே பட்டுச்சேலையை இழுத்துச் செருகினேன். மதினி என் தோளைத் தொட்டார்.

"ஸ்டெல்லா... நீ வழிய மட்டும் சொல்லு. கை வேற யாராச்சும் வைக்கட்டுமே."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"சரி," என்றேன். போய்க் கிலோமீட்டர் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டேன். கல் கொதித்தது. எழுந்திருக்கவில்லை.

கல்லின் மேல் உட்கார்ந்து கத்தியது

ரிட்டயர்டு ஆனாலும் எனக்கு மைதானத்துக் குரல் போகவில்லை. அங்கிருந்தே கத்தினேன்.

"மொதல்ல பேட்டரி வயர எடுங்க! இல்லைன்னா உள்ள கைபட்டு எல்லாம் பொசுங்கும்!"

டிரைவர் தன் வண்டியிலிருந்து ஸ்பானர் கொண்டுவந்து எடுத்தார்.

"ஸ்டியரிங் தண்டு மேல துணி போடு! மீட்டர் வெளிய வந்து அதுலதான் உரசும்!"

துணிக்கு எங்கே போவது? அருள் ஒரு நொடி யோசித்தான், கல்யாணக் கோட்டைக் கழற்றினான், மடித்து அந்தத் தண்டின் மேல் பக்குவமாக விரித்தான். 'ஐயோ, கோட்டு!' என்றார் மதினி. எனக்கு மனசு இளகியது. இறங்கிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அருள் படுத்துக் கையை விட்டான். வாலிபால் ஆடிய கை, முட்டியோடு நின்றுவிட்டது. டிரைவர் கை மணிக்கட்டுக்கே போகவில்லை. அண்ணன் முன்னால் வந்தார், ஆனால் அவருக்கு எப்போதும் கை நடுக்கம். காபி டம்ளரே அவர் கையில் டபராவோடு தந்தி அடிக்கும். அவரை நாங்களே வேண்டாம் என்றுவிட்டோம்.

கடைசியில் மதினியே குனிந்தார். சின்னக் கை, போயிருக்கும். ஆனால் முழங்கை வரைக்கும் புதுக் கண்ணாடி வளையல், அதற்கு முன்னும் பின்னும் தங்கம். இடுக்கில் மோதிச் சலசலவென்று நின்றது.

"வளையலக் கழட்டிட்டு விடுங்க மதினி!" என்று கத்தினேன்.

வெப்பமும் பயமும் சேர்ந்து அவருக்கு வாய் தவறிவிட்டது. "மகன் கல்யாணத்தன்னிக்கு என்னைய மொட்டக் கையோட நிக்கச் சொல்றியா?"

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. டிரைவர் வாழைத்தாரைப் பார்த்தார். அண்ணன் செருப்பைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன். வலது கையில் ஒன்றுமில்லை. இடது கையில் ஒரு வாட்ச், அது நேரத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. பொண்ணு வீட்டார்.

"எங்கிட்டு வாரீங்க மாப்ள? சாமி ரெண்டு தடவ வாசலுக்கு வந்து பாத்துட்டாரு. அடுத்த கல்யாணம் வேற இருக்காம்."

"இந்தா வந்துட்டோம் மாமா. டிராஃபிக்கு."

"ஆவூர் ரோட்டுலயா?"

அருள் போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தான். வேர்த்துக் கொட்டியது அவனுக்கு.

"அத்தை, வாங்க."

"உங்கம்மா சொல்லட்டும்."

"இப்ப போயி வீம்பு புடிக்கிறீங்களே அத்தை!"

"இப்பத்தான்டா புடிக்க முடியும். தாலி கட்டி முடிச்சப்புறம் எவன் என்னைக் கூப்பிடப் போறான்?"

சொல்லிவிட்டேனே தவிர உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. வாட்ச்சைப் பார்க்கிறேன், ரோட்டைப் பார்க்கிறேன், காரைப் பார்க்கிறேன். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் போனால் நானே ஓடியிருப்பேன், மானம் போனால் போகிறது என்று.

நல்லவேளை, மதினி முந்திக்கொண்டார். வெயிலில் பட்டுச்சேலை சரசரக்க நடந்து வந்து என் முன்னால் நின்றார்.

"வா ஸ்டெல்லா. நீயே எடு."

விட்டேனா? "நான் தொட்டா பரவாயில்லையா?"

"அடியே, என்ன, கால்ல விழணுமா நானு? எந்திரிடி!"

அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் அப்படித்தான் என்னை 'அடி' போட்டுக் கூப்பிடுவார். நான் ஒண்டியானதும் அது நின்றுபோனது. இடையில் எல்லாம் மரியாதைதான். எழுந்துவிட்டேன்.

பின்பக்கம்

முதுகு தரையில், தலை பெடல்களுக்குப் பக்கத்தில், கால் இரண்டும் கதவுக்கு வெளியே. மதினி என் காலை மறைத்துக்கொண்டு நின்றார். வலது கையை மேலே விட்டேன். மணிக்கட்டு உரசியது, ஆனால் போனது.

உள்ளே எதுவும் கண்ணுக்குத் தெரியாது. விரல்தான் பார்க்க வேண்டும். நாங்கள் கடற்கரைப் பக்கத்துக் குடும்பம். கட்டுமாவடி மீனைப் பிள்ளைகளுக்கு முள் எடுத்துக் கொடுக்கிற மாதிரி, சதையைக் கலைக்காமல் தடவிக்கொண்டே போனேன். முதலில் பல்பு வயர்கள், அதைத் தொடவில்லை. அப்புறம் மீட்டரைப் பிடித்திருக்கிற மரைகள். விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி எடுத்தேன். கடைசியில் கேபிளின் கழுத்திலிருக்கிற பெரிய மரை.

அது அசையவில்லை.

"என்னாச்சு அத்தை?" என்றான் அருள்.

"பேசாம லைட்டப் புடி."

கயிறு அந்த மரையை ஒட்டியே சுற்றியிருந்தது. பலமாகத் திருகினால் கயிறும் சேர்ந்து முறுக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கயிற்றைக் கட்டைவிரலால் தள்ளி வைத்துக்கொண்டு, மரையை மட்டும் கிள்ளித் திருப்பினேன். மறுபடி. மறுபடி. விரல் தோல் போனது. வெளியே மதினி 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்ல ஆரம்பித்தார், பாதியில் எங்கே விட்டோம் என்று மறந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மரை இளகியது. கேபிளை உருவினேன். கயிறு வழுக்கிக்கொண்டு என் விரலில் விழுந்தது. தாலி மட்டும் இன்னும் மாட்டியிருந்தது.

"அருளு, மீட்டர உள்ளேருந்து தள்ளுறேன். கோட்டு மேல வாங்கிக்க. இழுக்காத. இழுக்காதடான்னா!"

"இழுக்கலத்தை. வருது. தானா வருது."

இடுக்கு விரிந்தது. தாலி என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. கையை மடக்கிக்கொண்டேன், ஒரு நிமிஷம் அப்படியே படுத்துக் கிடந்தேன்.

அறுந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற வார்த்தை யாரிடமும் இல்லை. அண்ணன்தான், "எல்லாம்... முழுசா இருக்கா ஸ்டெல்லா?" என்றார்.

"இருக்குண்ணே. முழுசா இருக்கு."

அண்ணன் அழுதுவிட்டார். எனக்கும் வந்தது. முகத்தில் கிரீஸ் என்று துடைத்துக்கொண்டேன்.

எழுந்து நின்றபோது மதினி கைப்பையிலிருந்து காலி டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டினார். நான் போடப் போனேன். அவர் டக்கென்று மூடிவிட்டார்.

"வேணாம். ஒங் கையிலயே இருக்கட்டும். கோயில் வர நீயே கொண்டா."

"அப்ப வண்டிய யாரு ஓட்டுறது?"

"நான் ஓட்டுறேன்," என்றான் மாப்பிள்ளை.

அவனுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனால் அந்தப் பத்மினியை அவனுக்கு மட்டுமில்லை, எவருக்குமே கொடுத்ததில்லை. சாவியைக் கொடுத்தேன். மீட்டரைக் குழியில் சும்மா பொருத்தி வைத்தோம், பேட்டரி வயரை டிரைவர் மாட்டினார், கேபிளுக்கு நேரமில்லை. முகப்பில் ஒரு கீறல் இல்லை. பழைய தழும்பு ஒன்றுதான்.

ஆவூர் நெருங்கும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "எவ்ளோ வேகத்துலடா போற?"

"தெரியலத்தை. முள்ளு சைபர்லயே நிக்கிது."

"அப்பச் சரி. மிதி."

அது யார் கை

சாமியார் முறைத்தார், பிறகு ஜெபம் சொல்லித் தாலியை மந்திரித்தார். அருள் தாலியைக் கட்டினான். நான் பழக்கம் போலக் கூட்டத்துக்குப் பின்னால் தூண் ஓரமாக நின்றுகொண்டேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. கால் தானாக அங்கே போய்விடும்.

போட்டோவுக்கு நிற்கும்போதுதான் ஜெனிபர் குனிந்து பார்த்தது. "அத்தை, கயித்துல என்ன கறுப்பா இருக்கு?" என்று மதினியிடம் கேட்டது.

பொண்ணின் அம்மா வந்து உற்றுப் பார்த்தார். "கிரீஸு மாதிரி இருக்கே! தாலியில எப்படி கிரீஸு? யாரு எடுத்துட்டு வந்தா?" பக்கத்தில் நின்ற பெண்களெல்லாம் திரும்பினார்கள். அவர் கைக்குட்டையை எடுத்துத் துடைக்கப் போனார்.

மதினி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொடைக்காதீங்க சம்பந்தி. வர்ற வழியில ஆடு குறுக்க வந்துருச்சு. எங்க ஸ்டெல்லா மட்டும் பிரேக்கு போடலன்னா இந்நேரம் நாங்க எல்லாரும் ஆஸ்பத்திரியில கெடந்துருப்போம். தாலி உள்ள விழுந்து, அவதான் கைய விட்டு எடுத்தா. அது அவ கை. இருக்கட்டும்."

பிறகு கூட்டத்துக்கு மேலே எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். "ஏடி ஸ்டெல்லா, அங்கிட்டு என்ன பண்ற? இங்கிட்டு வா, புள்ளைக்குப் பக்கத்துல வந்து நில்லு!"

போய் நின்றேன். நின்றதும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆடா? ஏது மதினி ஆடு? அது வேகத்..."

மதினி என் காலை நன்றாக மிதித்தார். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார்.